ஈரத்துணி முடிச்சு

ஆடிப்பட்டத்துக்கு முன்னால் விதை டப்பாவைத் திறந்தால் மூன்று வருஷத்துக் கத்தரி, போன வருஷத்து வெண்டை, எப்போது வைத்ததென்றே நினைவில்லாத பாகல். இவை இன்னும் முளைக்குமா என்று பார்க்க, தண்ணீரில் போட்டு, மிதப்பதைக் கழிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. நல்ல விதையும் சில நேரம் மிதக்கும். 10 விதையை எண்ணி, நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியில் முடிந்து வைப்பேன். துணி காயவும் கூடாது, சொட்டவும் கூடாது. வெண்டை நாலைந்து நாளில் வாலை நீட்டும். கத்தரிக்கு ஒரு வாரத்துக்கு மேலாகும். அதற்குள் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். அந்த வெள்ளை முனையைக் காணும் சுகம் அப்படி! 7 முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். 4 என்றால் குழிக்கு இரண்டு மூன்றாகப் போடுங்கள். வெங்காய விதை மட்டும் ஓரிரு வருஷத்துக்குமேல் பெரும்பாலும் தாங்காது, புதிதாக வாங்கிவிடுங்கள்.