கட்டச் சொல்லித்தரும் புத்தகம், கழற்றச் சொல்லித்தர வேண்டாமா?

லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் (எல்எஃப்எஸ்) என்பது கெரார்ட் பீக்மன்ஸ் 1999-ல் தொடங்கிய புத்தகம். ஒவ்வொரு மென்பொருளின் மூல நிரலையும் இறக்கி, நாமே கம்பைல் செய்து ஒரு முழு லினக்ஸைக் கட்டி எழுப்பச் சொல்லித்தரும். இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு வருகிற கேள்வி ஒன்று உண்டு. இவ்வளவு சொல்லித்தர்றவங்க ஏன் ஒரு பேக்கேஜ் மேனேஜரைச் சேர்க்கலை?

இப்போதைய பதிப்புகளில் எட்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே பதில் இருக்கிறது. அது கவனத்தைத் திருப்பிவிடும் என்பது ஒன்று. எல்லாருக்கும் ஒத்துவரும் ஒரே தீர்வு கிடையாது என்பது இன்னொன்று. பிறகு எல்லாவற்றையும் மனசிலேயே வைத்துக்கொள்வதில் தொடங்கி, பேக்கேஜுக்கு ஒரு தனி யூசர் உருவாக்குவது வரை சில முறைகளைக் காட்டிவிட்டுப் புத்தகம் நகர்ந்துவிடுகிறது.

எனக்கு இது பாதிதான் சரியாகப் படுகிறது. பேக்கேஜ் மேனேஜ்மென்ட் என்ற ஒரே பெயருக்குள் மூணு வேலை இருக்கு. எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜோடது என்று குறித்துவைப்பது, எதுக்கு எது தேவை என்று கணக்குப் போடுவது, இணையத்திலிருந்து இறக்கித் தருவது. பின்னிரண்டையும் எல்எஃப்எஸ் தவிர்ப்பது நியாயம். அந்த வேலையை வாசகர் தன் கையால் செய்வதுதானே படிப்பு! முதலாவதையும் அதே மூட்டையில் கட்டி வெளியே வைத்ததுதான் பிழை.

மேக் இன்ஸ்டால் என்ன செய்யும்? கோப்புகளை யூஎஸ்ஆர் அடைவுக்குள் அள்ளிப் போடும், பொதுவாக எந்தப் பதிவும் வைக்காது. அன்இன்ஸ்டால் சில மென்பொருள்களில் உண்டு, பலவற்றில் கிடையாது. முதல் நாள் இது உறுத்தாது. ஆறு மாசம் கழிச்சு ஏதோ ஒரு லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டைன்னு செய்தி வரும். புதுப் பதிப்பில் எஸ்ஓநேம் மாறியிருந்தால், பழசோடு இணைந்த எல்லா நிரல்களையும் மறுபடி கம்பைல் செய்யணும். அதுவரை பழைய லைப்ரரியை அழிக்கவும் கூடாது. புத்தகமே இதை எச்சரிக்கிறது. சரி, எல்லாம் முடிஞ்சாச்சு, இனி பழசை எடுத்துடலாம். அதன் கோப்புகள் எவை? ஹெடர்கள், பிகேஜி-கான்ஃபிக் கோப்புகள், மேன் பக்கங்கள் எல்லாம் எங்கெங்கே கிடக்குது? பட்டியல்தான் இல்லையே.

வேடிக்கை என்னன்னா, மருந்து புத்தகத்துக்குள்ளேயே இருக்கு. தற்காலிகக் கருவிகளை நிறுவும்போது டெஸ்ட்டிர் மாறியைத்தான் பயன்படுத்துகிறார்கள். என்கர்சஸ் நிறுவும்போதும் அப்படித்தான்: ஓடிக்கொண்டிருக்கும் லைப்ரரி மேலேயே எழுதினால் ஷெல் கவிழலாம் என்பதால், முதலில் ஒரு தனி அடைவில் நிறுவி, அப்புறம் நகர்த்தச் சொல்கிறார்கள். அந்த அடைவில் ஒரு ஃபைண்ட் ஓட்டிப் பட்டியலைச் சேமிக்க ஒரே வரி போதும். பிஜிப்2 மாதிரி சிலதின் மேக்ஃபைலுக்கு டெஸ்ட்டிர் தெரியாது. அங்கே ப்ரீஃபிக்ஸை மாற்றிச் சமாளிக்கணும், சிம்லிங்குகளைக் கொஞ்சம் கவனிக்கணும். அதுவும் படிப்புதான்.

ஸ்லாக்வேர் 1993-லிருந்து இருக்கிறது. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு சாதாரண உரைக்கோப்பில் கோப்புப் பட்டியல் வைத்திருக்கும், டிபென்டன்சி கணக்கில் தலையிடாது. எல்எஃப்எஸ்ஸுக்கு அந்த அளவு போதும்.

தேவைப்படுறவங்க பிறகு கத்துக்கட்டுமேன்னு சொல்லலாம். ஆனா இந்தப் பட்டியலைப் பிறகு எழுத முடியாது. எண்பது மென்பொருளும் ஒரே அடைவில் கலந்த பின்னால், கோப்பின் நேரமுத்திரையை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். அதனால் எட்டாம் அத்தியாயத்தின் முதல் பேக்கேஜிலேயே அந்த ஒரு வரி இருக்கணும்.