விசித்திரசித்தனின் பட்டறை

மாமல்லபுரம் போகிறவர்கள் கடற்கரைக் கோயில் முன்னால் ஒரு படம், வெண்ணெய்ப் பந்தைக் கையால் தாங்குவதுபோல் இன்னொரு படம் எடுத்துக்கொண்டு மீன் வறுவலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போகட்டும். எனக்கு அந்த ஊரில் அலுக்காதவை, முடிக்காமல் விட்ட வேலைகள்தான். அவை பல்லவச் சிற்பிகளின் ஆய்வுக்கூடம். எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தை 1929-இல் ஹென்றி ஃபோர்டு மிச்சிகனில் மறுபடி எழுப்பினார். பழைய இடத்து மண்ணைக்கூட அள்ளிவந்தார். பல்லவர்களின் ஆய்வுக்கூடத்துக்கு அந்தச் சிரமம் வேண்டியதில்லை. பாறை போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

அதன் தொடக்க அறைகளில் ஒன்று செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லத்தில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் கல்வெட்டே பொறித்துவைத்தவன் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன். விசித்திரசித்தன் என்பது அவன் சூடிக்கொண்ட பட்டம். வல்லத்துக் குடைவரையை எடுத்தது அவன்கூட இல்லை. அவனுக்கு அடங்கிய வயந்தப்பிரியரசரின் மகன் கந்தசேனன். அங்கே தூணைப் பாருங்கள். மேலே சதுரம், கீழே சதுரம், நடுவே எட்டுப் பட்டை. ‘மலை தலையில் விழுந்துவிடுமோ’ என்ற பயம் அந்தப் பருமனிலேயே தெரிகிறது. மாமல்லபுரத்துக்கு வந்தால் தூண் மெலிந்துவிடுகிறது. அடியில் சிங்கம் வேறு சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. பயம் போய்விட்டது என்று அர்த்தம்.

வேலை எப்படி நடந்தது என்பதை முடியாத குடைவரைகளின் உட்சுவர் காட்டிக்கொடுக்கும். தட்டில் ஊற்றிய மைசூர்பாகுக்குத் துண்டு போட்டாற்போல, பாறை முகத்தில் உளியால் ஆழமாகக் கோடு இழுத்துக் கட்டம் பிரித்திருக்கிறார்கள். கட்டங்களைத் தட்டிப் பெயர்த்ததும் உள்ளே மறுபடி கோடு, மறுபடி கட்டம். மறுநாள் எந்தத் துண்டில் சுத்தியல் விழுந்திருக்கும் என்றுகூட ஊகிக்கலாம்.

மாமல்லபுரத்தில் பாறையையே கோயில் வடிவில் செதுக்கிய ஐந்து ரதங்களில் ஒன்றுபோல் ஒன்று இல்லை. திரௌபதிக்குக் கூரைக் குடிசை, பீமனுக்கு வண்டிக் கூண்டு. நகுல சகாதேவ ரதம் தூங்கானை மாடம். அதன் பக்கத்திலேயே ஒரு கல் யானை! வடக்கிலிருந்து நடந்து வந்தால் யானையின் பின்புறமும் மாடத்தின் பின்வளைவும் அடுத்தடுத்துத் தெரியும். இந்தக் குறும்பைச் செய்த சிற்பியின் பெயர் தெரிந்தால் தேவலை. மாமல்லனா ராஜசிம்மனா, எந்தப் பல்லவ மன்னன் காலத்து வேலை என்று அறிஞர்கள் சண்டை போடுவதில் எனக்கு அத்தனை அக்கறை இல்லை.

தருமராஜ ரதத்தில் உச்சி வழவழவென்று முடிந்திருக்க, கீழ்த்தளம் அரைகுறை. சாரம் கட்டாமல் மேலிருந்து கீழே செதுக்கி இறங்கியிருக்கிறார்கள். ஊருக்கு மேற்கே பிடாரி ரதங்களில் இது இன்னும் பச்சையாகத் தெரியும்: மேலே கூடு, சிகரம் எல்லாம் திருத்தமாக, இடுப்புக்குக் கீழே வெறும் பாறை. காலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள். உச்சிவெயிலில் உளித்தடம் கண்ணுக்கே அகப்படாது.