ஆள் புழங்கும் கட்டடம்

மைசூருக்குப் போகிறவர்கள் அரண்மனையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்குக் கால்கள் லான்ஸ்டவுன் கட்டடத்துக்குத்தான் போகும். வைஸ்ராய் லான்ஸ்டவுன் வருகையை ஒட்டி 1892-இல் எழுந்த நீண்ட கடை வரிசை. பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன இடமாக இருந்தது. 2012 ஆகஸ்டில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்து நான்கு பேர் செத்துப்போனார்கள். நான்கு ஆண்டு கழித்து, பக்கத்திலிருக்கும் தேவராஜா மார்க்கெட்டிலும் ஒரு பகுதி சரிந்தது.

காரை உதிர்ந்த இடங்களில் அந்தக் காலத்துக் கைவேலை தெரியும். சுண்ணாம்புக் காரை மழையில் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் அவசரத்துக்குச் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே சுவர் உளுத்துப்போகும். கட்டைக்குத்து மாடி இன்னும் நுட்பமானது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மெல்லிய அச்சுக்கற்களைக் குத்துவாக்கில் சாய்த்து அடுக்குவார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்தபடி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. அத்தனை உழைப்பையும் தோற்கடிக்க, அடைத்துக்கொண்ட ஒரு தூம்பும் விரிசலில் முளைத்த ஓர் அரசங்கன்றும் போதும்.

1897-இல் மர அரண்மனை தீக்கிரையானபின், மைசூர் புது அரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வின் சென்னையிலும் ஒரு சிவப்புச் செங்கல் மாளிகையை விட்டுப்போயிருக்கிறார். இன்றைய ராஜாஜி சாலையில் மெட்ராஸ் வங்கிக்காக எழுந்தது அது. சாமுவேல் ஜேக்கப் போட்ட வரைபடத்தை இர்வின் திருத்த, நம்பெருமாள் செட்டி கட்டினார். மெட்ராஸ் வங்கி 1921-இல் இம்பீரியல் வங்கியாயிற்று, 1955-இல் ஸ்டேட் வங்கியாயிற்று. கவுண்ட்டர் மட்டும் இடம் மாறவில்லை. 2014-இல் தீப்பிடித்தபோதும் வங்கி அந்த இடத்தைக் கைவிடவில்லை. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்குக் கீழே இன்றும் பணம் எண்ணுகிறார்கள். ஒரு நிறுவனம் பழைய கட்டடத்துக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை, அதற்குள் தன் அன்றாட வேலையைப் பார்ப்பதுதான். ஆள் புழங்கும் இடத்தில் ஒழுகல் முதல் நாளே கண்ணில் படும்.

ஆனால் லான்ஸ்டவுனிலும் மார்க்கெட்டிலும் புழங்க ஆட்கள் எப்போதும் இருந்தார்கள்; புழக்கம் மட்டும் போதவில்லை. மழைக்கு முன் மாடியேறித் தூம்பைக் குத்திவிட்டு, அரசங்கன்றை வேரோடு பிடுங்கிப்போட ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.