‘முன்விரோதம்’ என்னும் விளக்கம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் கொலைச் செய்திகளைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இரண்டு சொற்கள் பழகிப்போயிருக்கும். ஒன்று ‘பிரபல’, மற்றொன்று ‘முன்விரோதம்’. செத்த மறுநாள்தான் நமக்கு அவனைத் தெரியும், ஆனாலும் அவன் ‘பிரபல ரவுடி’. ஏன் வெட்டினார்கள்? முன்விரோதம். அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று செய்தி கேட்பதில்லை. ‘பசங்க ஏன் இப்படிக் கெட்டுப் போறாங்க?’ என்கிற நடுத்தர வர்க்கக் கவலையும் இந்த மொழிக்குள்ளிருந்தே பிறக்கிறது. சினிமா, கஞ்சா, அப்பன் குடி என்று பதில்கள் தயார். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதே சினிமா பார்த்து, அதே அப்பனுக்குப் பிறந்த அண்ணன் வெல்டிங் பட்டறைக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறான்?

ஆவடியில்தான் 1955இல் காங்கிரஸ் ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டது. டி.ஐ. சைக்கிள் அதற்கு முன்பே, 1949இல் அம்பத்தூருக்கு வந்துவிட்டது. பிறகு டன்லப், 1961இல் ஆவடி டாங்கி ஆலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை. இந்த வேலைகளோடு சங்கமும் வந்தது. கேட் மீட்டிங்கில் பத்துப் பேராகச் சேர்ந்து நிற்பதற்கு ஒரு பெயரும் கொடியும் இருந்தன. டன்லப் பலமுறை மூடித் திறந்து கடைசியில் மூடியேவிட்டது. மற்ற இடங்களில் நிரந்தர வேலை குறைந்து காண்ட்ராக்ட் ஆட்கள் பெருகினார்கள். பத்துப் பேராக நிற்கும் பழக்கம் மட்டும் தெருமுனையில் மிஞ்சியது.

அமெரிக்கச் சமூகவியலாளர் பிரெடெரிக் த்ராஷர் 1927இல் சிகாகோவின் 1,313 கும்பல்களைப் பற்றி எழுதினார். நகரத்தின் இடைவெளிகளில், அமைப்புகள் உடைந்த இடத்தில் கும்பல் முளைக்கிறது என்பது அவர் வாதம். நம்ம ஊருக்கு இது பாதிதான் பொருந்தும். இங்கே கும்பல் நிற்பது தொழிற்சாலையின் பின்கேட்டில். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை நீளும் இந்தப் பகுதியில் ஆலைக் கழிவான ஸ்கிராப்பை யார் எடுப்பது என்பதற்காக எத்தனையோ மோதல்கள், கொலைகள். முன்கேட்டில் வேலை கேட்டு வருகிற பையனுக்கு இடமில்லை. பின்கேட்டில் போட்டியாளனை மிரட்ட அவன் தேவைப்படுகிறான். மனைத் தகராறும் கட்டப் பஞ்சாயத்தும் இதே கணக்குதான். ‘முன்விரோதம்’ என்பதைக் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே ஒரு டெண்டர் கிடைக்கும்.

‘சேருகிறான்’ என்ற சொல்லும் எனக்குச் சந்தேகத்துக்குரியது. யாரும் மனுப் போட்டுச் சேர்வதில்லை. ‘சும்மா கூடத்தான் போனேன்’ என்பான். முதல் தகவல் அறிக்கையில் ‘மற்றும் சிலர்’ என்று ஒரு காலியிடம் இருக்கும். அதில் அவன் பெயர் ஏறுகிறது. அடுத்து ரவுடிப் பட்டியல். வேலைக்குப் போனால் போலீஸ் சான்று கேட்கிறார்கள். ‘அண்ணன்’ ஒருவர்தான் எதுவும் கேட்பதில்லை. சிறை குற்றத்தை ஒழிப்பதில்லை, ‘குற்றவாளி’ என்னும் ஆளை உற்பத்தி செய்கிறது என்று ஃபூக்கோ சொன்னதை நாம் இங்கே காவல் நிலையப் பதிவேட்டிலிருந்தே தொடங்கிப் படிக்கலாம். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. அது போன கையோடு 1948இல் வழக்கமான குற்றவாளிகள் சட்டம். 1982இல் குண்டர் சட்டம்: விசாரணை இல்லாமல் பன்னிரண்டு மாதம் உள்ளே. பரம்பரை போய் ‘ஹிஸ்டரி’ வந்திருக்கிறது, ஷீட் அப்படியே இருக்கிறது.

வெட்டுப்படுகிறவனும் பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பையன்தான். அவன் அம்மாவிடம் போய் இந்தச் சொல்லாடல் விவகாரத்தையெல்லாம் விளக்க முடியாது. அவள் கேட்பது போலீஸைத்தான். போலீஸ் என்ன தந்தது?

2018 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழாவைச் சுற்றி வளைத்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அரிவாளால் கேக் வெட்டிய படத்தை நாடே பார்த்தது. கேக் சாப்பிட வந்தவர்களில் எத்தனை பேர் அன்றுதான் பட்டியலுக்குள் போனார்கள் என்று எந்தச் செய்தியும் பின்தொடரவில்லை. நன்னடத்தைப் பிணை என்று ஒன்று எழுதி வாங்குவார்கள். மீறினால் மீதிக் காலம் சிறை. 2013, 2014 அரசாணைகள் இந்த அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களுக்கே கொடுத்திருந்தன. பிடிப்பவரும் பிணை வாங்குபவரும் உள்ளே தள்ளுபவரும் ஒரே காக்கிச் சட்டை. சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது 2023 மார்ச்சில். அதுவரை ஏறக்குறைய பத்து வருடம், இந்தப் பகுதியில் ஒரு பையனின் பதினெட்டிலிருந்து இருபத்தெட்டு வயது வரை, இப்படித்தான் நடந்தது.