நூலுடைமைச் சீட்டும் தஞ்சைச் சுவடி மரபும்

ஒரு நூலின் வரலாறு அதனை இயற்றிய புலவரோடு முடிவதன்று. அதனைப் படியெடுத்தோர், காத்தோர், பயின்றோர், பிறர்க்கு ஈந்தோர் ஆகிய யாவரும் அவ்வரலாற்றில் இடம்பெறுவர். இவர்களை நமக்கு அறிவிப்பது நூலில் அமைந்த உடைமைக் குறியே. மேனாட்டார் நூலின் உள்ளட்டையில் ஒட்டும் அணிசெய்த அச்சுத்தாளை ‘எக்ஸ் லிப்ரிஸ்’ என்பர். ‘இன்னாருடைய நூல்களிலிருந்து’ என்பது அவ்விலத்தீன் தொடரின் பொருள். அதனை ஈண்டு ‘நூலுடைமைச் சீட்டு’ என வழங்குவாம்.

இக்கலை செருமானிய நாட்டில் 15ஆம் நூற்றாண்டில் தோன்றியது. இல்டெபிராண்டு பிராண்டன்பர்க் என்பார் புக்ஸ்கைம் துறவிமடத்திற்கு ஈந்த நூல்களில் ஒட்டப்பெற்ற மரச்செதுக்குச் சீட்டு மிகப் பழையவற்றுள் ஒன்று. அஃது ஏறத்தாழ 1480ஆம் ஆண்டினது. எருது பொறித்த கேடயத்தை வானவர் ஒருவர் ஏந்தி நிற்பதே அதன் ஓவியம். பின்னர் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தம் நண்பரும் அறிஞருமாகிய பிர்க்கைமருக்கு வரைந்த சீட்டில், இறையச்சமே அறிவின் தொடக்கம் என்னும் கருத்து எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மும்மொழிகளிலும் காணப்படுகிறது. அந்நூல்கள் தமக்கும் தம் நண்பர்க்கும் உரியன என்ற குறிப்பும் அதன்கண் உண்டு.

இத்தகைய சீட்டு நம் நாட்டுச் சுவடிகளில் இல்லாமை கண்டு, நூலை அழகுபடுத்தும் உணர்ச்சி நம்மவர்க்கு இல்லை எனச் சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. பனையேடு சில விரல் அகலமே உடையது. தாள் ஒட்டுதற்குரிய உள்ளட்டை அதற்கு இல்லை. ஏடுகளைக் காக்கும் மரச் சட்டங்களில் ஓவியம் தீட்டியதும் உண்டு. ஆயின், உடைமையை அறிவிக்கும் பணியை நம் முன்னோர் எழுத்திற்கே அளித்தனர். சுவடியின் இறுதியில் படியெடுத்தவர் பெயர், ஆண்டு, திங்கள், நாள் என்பனவும், சிலவற்றில் யாருக்காக எழுதப்பட்டது என்பதும் காணப்படும். பிழை பொறுக்குமாறு வேண்டுதலும் உண்டு. பிர்க்கைமரின் சீட்டில் விளங்கும் இறைநினைவும் பணிவும் நம் சுவடிகளின் முகப்பிலும் இறுதியிலும் வேறு வடிவில் விளங்குகின்றன. வடிவு வேறு, தொழில் ஒன்றே.

இவ்விரு மரபும் சந்திக்கும் இடம் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம். 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோசி மன்னர், சுவார்ட்சு பாதிரியாரிடம் பயின்றவர். ஐரோப்பிய மொழி நூல்களை ஆயிரக்கணக்கில் தொகுத்தவர். 1820இல் காசி யாத்திரை மேற்கொண்டு வடமொழிச் சுவடிகளையும் கொணர்ந்தவர். அவர்தம் ஐரோப்பிய நூல்கள் பலவற்றில் ஆங்கில எழுத்தில் இட்ட அவருடைய கையொப்பம் உள்ளது. அஃது அணியற்றது; ஆயினும், நூல் மன்னரின் கைக்கு வந்தது என்பதற்கு அதனினும் நேரிய சான்று வேறில்லை. 1918இல் அந்நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. சம்புநாத பட்டர், காகல்கர், பதங்க அவதூதர் முதலியோர் குடும்பத் தொகுதிகளும் அதன்கண் சேர்ந்தன. அரண்மனைச் சுவடி எது, அறிஞர் இல்லத்துச் சுவடி எது எனப் பிரித்துணர்வதற்கு இத்தகைய குறிகள் பெருந்துணை புரிவன.

எனவே, உடைமைக் குறியின் மதிப்பு அதன் ஓவியத்தில் மட்டும் இல்லை. அது நூலோடு பிரியாதிருப்பதிலேயே உள்ளது என்பது எம் கருத்து. மேனாட்டில் சீட்டுகளை நூலினின்று நீக்கித் தனியே தொகுப்போர் உளர். அவ்வாறு நீக்கிய சீட்டு ஓவியமாக எஞ்சுமேயன்றிச் சான்றாக எஞ்சாது; நூலும் தன் வரலாற்றை இழக்கும்.

நம்மிடையேயும் இவ்விழப்பு வேறு வகையில் நிகழ்கின்றது. பழைய நூலைப் புதிதாகக் கட்டுவோர் கையொப்பமுள்ள முன்தாளைப் பழுதெனக் கழித்துவிடுவர். சுவடியைப் பதிப்பிப்போர் மூலபாடத்தை மட்டும் கொண்டு இறுதிக் குறிப்பை விடுத்துவிடுவர். பழுதுற்ற ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வழக்கத்தை உ. வே. சாமிநாதையர் வருத்தத்துடன் எழுதியுள்ளார். ஆற்றோடு போன ஏட்டிற்கு இரங்கும் நாம், பதிப்பில் விடுபட்ட குறிப்பிற்கு இரங்குவதில்லை.

இதற்கு மாறான நெறியையும் ஐயரவர்களே காட்டியுள்ளார். கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய காலத்தே, 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட அவர், தம் பதிப்புகளின் முகவுரைகளில் சுவடி உதவியோர் பெயர்களை நன்றியோடு குறித்தார். அக்குறிப்புகள் நன்றியுரை மட்டுமல்ல. ஏடு யாரிடம் இருந்தது என்பதனை அச்சில் நிலைநிறுத்திய உடைமைக் குறிகளும் ஆம். பாடவேறுபாடு எவ்வூர்ச் சுவடியினின்று வந்தது என ஆராய்வார்க்கு அவை இன்றும் வழிகாட்டுகின்றன.

சுவடி விளக்க அட்டவணை இயற்றுவோர் ஏட்டின் அளவு, வரி, தொடக்கம், முடிவு என்பவற்றோடு கையொப்பம், முத்திரை, ஈந்தோர் பெயர் ஆகியவற்றையும் உள்ளவாறே குறித்தல் வேண்டும். பதிப்பாசிரியர் இறுதிக் குறிப்பை முழுமையாக அச்சிடுதல் வேண்டும். இது மிகை உழைப்பன்று. புலவன் யாத்த நூலை நம்மிடம் சேர்ப்பித்தவர் யாவர் என்னும் வினாவிற்கு விடை, பெரும்பாலும் நாம் கழித்துவிடும் அவ்வொரு தாளிலேயே உள்ளது.