ஆங்கிலத் தன்மைப் பன்மையும் தமிழ் மாணவரும்

ஒரு மொழிச் சொல்லுக்கு மற்றொரு மொழியில் ஒரு சொல்லைப் பொருளாக எழுதிவிட்டால் கற்பித்தல் முடிந்தது என்று கருதுவோர் பலர். அக்கருத்துப் பொருந்தாது என்பதற்கு 'வீ' என்னும் ஆங்கிலத் தன்மைப் பன்மைச் சொல் தக்க சான்றாகும்.

தமிழில் கேட்போரையும் உளப்படுத்துவது 'நாம்'. கேட்போரை நீக்கி நிற்பது 'நாங்கள்'. நன்னூலார் இவ்வேறுபாட்டை வினையீற்றிலேயே காட்டினார். அம், ஆம் என்பன முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரையும் தன்னொடு படுக்கும் என்பது அவர் கொள்கை. இன்றோ ஓம் ஈறு ஒன்றே இருநிலைக்கும் வழங்குகின்றது; ஆதலின் வேறுபாடு எழுவாயை மட்டுமே சார்ந்து நிற்கின்றது. பீகிங் வழக்குச் சீனத்திலும் கேட்போரை உளப்படுத்தற்கென 'ட்ஸான்மென்' என்னும் தனிச்சொல் உண்டு. எனவே சீன மாணவர்க்கும் தமிழ் மாணவர்க்கும் இடர்ப்பாடு ஏறத்தாழ ஒன்றே. புதுவை மாணவர் பயிலும் பிரெஞ்சு மொழியின் 'நூ' என்னும் சொல்லும் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

'நாளை காரைக்காலுக்குப் புறப்படுகிறோம்' என்பதை ஆங்கிலத்தில் கூறினால், கேட்பவன் உடன் புறப்படுவதா, வழியனுப்புவதா என்பதைச் சொல் உணர்த்தாது, இடமே உணர்த்தும். மறுதலையாக, உடன்பிறந்தார் இல்லாதவனும் தமிழில் 'எங்கள் அப்பா' என்பான். அதனை அவ்வாறே ஆங்கிலப் பன்மையாக்கினால், அவனுக்கு உடன்பிறந்தார் உளர் என்றே கேட்போர் கொள்வர். அங்கு ஒருமையே வழக்கு.

இஃது இலக்கண நுணுக்கம் மட்டுமன்று. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஆங்கில முகப்புரை இச்சொல்லைக் கொண்டே தொடங்குகின்றது. அது 26-11-1949இல் ஏற்கப்பெற்றபோது புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆட்சிப் பொறுப்பு 1-11-1954இலும், சட்டப்படியான உரிமை 16-8-1962இலும் இந்தியாவிற்கு வந்தன. ஆங்கிலச் சொல் அன்றும் இன்றும் ஒன்றே. ஆனால் தமிழில் கூறுங்கால், 1949இல் இந்தியர் புதுவையாரை நோக்கி 'நாங்கள்' என்றிருத்தல் வேண்டும். இன்று 'நாம்' என்றல் வேண்டும். சொல் மாறாதிருக்க, அதனுள் அடங்குவோர் மாறினர்.

ஆகவே அகராதிகளும் பாடநூல்களும் இச்சொல்லுக்கு 'நாம், நாங்கள்' என இரண்டனையும் அடுக்கி எழுதி அமைதல் போதாது. இன்ன இடத்து இன்னது என எடுத்துக்காட்டுத் தொடர்களால் விளக்குதல் வேண்டும். 'கேட்போர் இச்சொல்லுள் அடங்குவரோ?' என்று வினவி மொழிபெயர்க்கும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டுதல் ஆசிரியர் கடனாகும்.