விடுதலைக்குப் பிறகும் ஒரு படி

"உங்க நாட்டுல அப்பீலுக்கு மேல அப்பீல் போட்டே கேசை இழுத்தடிப்பாங்க. எங்களுக்குப் பதினாலே நாள்தான்" என்று கூடலூர்க் கல்யாண வீட்டில் ஹட்டனிலிருந்து வந்த உறவினர் சொன்னது சுருக்கென்று தைத்தது.

பதினாலு நாள் என்பது உண்மை. இலங்கையின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் அவ்வளவுதான் தருகிறது. இங்கே செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். தீர்ப்பு நகல் வாங்கி, வக்கீல் பிடித்து, சம்பள நாளுக்குக் காத்திருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு இது அவகாசம். இழுத்தடிப்பு என்று சொன்னால் ஒப்பமாட்டேன்.

அதைவிடப் பெரிது, யார் மேலே போகலாம் என்பது. அங்கே நீதவான் நீதிமன்றம் ஒருவரை விடுவித்துவிட்டால், சட்டமா அதிபரே (அட்டர்னி ஜெனரல்) மேன்முறையீடு செய்ய வேண்டும், இல்லையேல் அவரது எழுத்துமூல அனுமதி வேண்டும். அதே சட்டத்தின் 318ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அடிபட்டவருக்கு மீளாய்வு மனு உண்டு என்கிறார்கள். அதற்கு விசேட காரணம் காட்ட வேண்டுமாம்.

இங்கே 2009இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372ஆம் பிரிவைத் திருத்தி, பாதிக்கப்பட்டவருக்கே அந்த உரிமையைக் கொடுத்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சன்ஹிதாவில் அது 413ஆம் பிரிவு. குன்னூர் நடுவர் விடுவித்தால் ஊட்டி செஷன்ஸ் கோர்ட்டுக்கு அவரே போகலாம். இதற்கு முன்அனுமதி தேவையில்லை என்று மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்ணென்றால் வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் தரும்.

ஊட்டியில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலில் மை தடவி வக்காலத்தில் ரேகை வைத்துவிட்டு, "தொரை கையெழுத்து வேணுங்களா?" என்று கேட்டார். "யாரையும் கேக்க வேணாம்மா" என்றார் வக்கீல். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்ட லயத்தை விட்டுக் கப்பலேறி வந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். அந்தப் பதில் எனக்குச் சாதாரணமில்லை.

இங்கும் வரம்புகள் உண்டு. விடுதலை, குறைந்த குற்றத்துக்குத் தண்டனை, போதாத இழப்பீடு, இம்மூன்றுக்கு மட்டுமே பாதிக்கப்பட்டவர் மேலே போகலாம். தண்டனை போதாதென்றால் அரசுதான் போக வேண்டும். நடுவர் 100 ரூபாய்வரை அபராதம் மட்டும் விதித்தால் மேல்முறையீடே கிடையாது.

இலங்கையின் நல்லதையும் சொல்ல வேண்டும். 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நீதவான் தீர்ப்புகள்மீதான மேன்முறையீட்டை மாகாண மேல் நீதிமன்றங்களுக்கே கொண்டுவந்தது. அங்கே 'உயர் நீதிமன்றம்' என்பது நம் உச்ச நீதிமன்றம். மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கூடி விசாரித்த வழக்கில் அதற்கு உரிமையோடு நேரே போகலாம். நமக்கோ உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் அரசியலமைப்பின் 136ஆம் உறுப்பின்படி அனுமதித்தால்தான்.

நமக்குத் தூரமும் ஒரு தடைதான். ஊட்டி செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்தால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். தென்மாவட்டங்களுக்கு 2004இல் அதன் மதுரைக் கிளை வந்தது. கோவையில் ஒரு கிளை வந்தால் நீலகிரிக்காரர் காலையில் இறங்கி இரவில் வீடு திரும்பலாம்.